குமரி முனையில் ஒரு நாள் முந்திய நிலா

மூன்று கடலும் அடி தொட்டு மீள, கையில் மாலையேந்தி நிற்கும் குமரி அம்மையே, காத்திருப்பதையே தவமாகக் கொண்டவளே, உன் மூக்குத்தியின் ஒளி என் சொல்லின்மேல் ஒரு கணம் விழட்டும். இது பாடிப் பழகிய நாவு. எழுதிப் பழகிய கையன்று. பிழை கண்டால் பொறுத்தருள்வாய். எழுதப் போவதும் என் பிழை ஒன்றைப் பற்றித்தான்.

தமிழில் சித்திரை என்னும் மேட மாதம், வளர்பிறை, வியாழக்கிழமை, சித்திரை நட்சத்திரம் கூடிய நாள். முந்தின இரவு சிறிது மழை பெய்து, காலையில் வானம் கழுவி வைத்தது போல் இருந்தது. நல்ல நாள் என்பதில் எனக்கு அன்றும் ஐயமில்லை, இன்றும் இல்லை. ஆனால் நான் எண்ணியிருந்த நாள் அதுவன்று.

நான் இருப்பது பாறசாலைக்குச் சற்றுத் தெற்கே, இரு மாநிலங்களும் தொட்டுக்கொள்ளும் ஒரு சிற்றூரில். ரப்பர்த் தோட்டத்தின் ஓரமாகப் பத்து நிமிடம் நடந்தால் தமிழ்நாடு. எங்கள் வீட்டுப் பூசையறையில் தமிழ் நாட்காட்டி தொங்கும். அடுக்களையில் மலையாளக் காலண்டர். முன்னது எனக்கு, பின்னது என் மனைவிக்கு என்று யாரும் பிரித்துக் கொடுக்கவில்லை. எப்படியோ அப்படி அமைந்துவிட்டது. இவ்விரண்டையும் விட நான் அதிகம் நம்பியது மூன்றாவதான ஒன்றை. அது எங்கள் ஊர்ச் சிவன் கோவிலில் ஆண்டுதோறும் அச்சடித்துத் தரும் ரோஸ் நிறத் திருவிழா நோட்டீசு.

அக்கோவிலில் மேட மாதத்துச் சித்திரை பெருவிழா. அன்று அந்தித் தீபாராதனையின்போது நடைக்கு எதிரே நின்று பழைய பதிகங்களைப் பாடுவது என் பொறுப்பு. பதினெட்டாம் வயதில் கிடைத்த அப்பேற்றை நெய்யாற்றின்கரை நீதிமன்றத்தில் பெஞ்சு கிளார்க்காக வேலை பார்த்த காலத்திலும் நான் விட்டதில்லை. வழக்குகளுக்கு அடுத்த தேதி குறிப்பது நீதிமன்றத்தில் என் வேலை. நீதிபதி கண்ணாடியைத் தூக்கிப் பார்க்குமுன் நாளை எடுத்து நீட்டிவிடுவேன். நாள் குறிப்பதில் பிசகாதவன் என்ற பெயரோடுதான் ஓய்வு பெற்றேன். அந்தப் பெயரின் மேல் எனக்குச் சிறிது கர்வமும் இருந்தது.

எங்கள் பக்கத்தில் கோவில் விழாவும் பிறந்தநாளும் நட்சத்திரத்தை வைத்தே கணக்கு. திதியை யாரும் கேட்பதில்லை. ஆனால் ஊர் வாயில் அந்த விழாவுக்குப் பெயர் 'சித்ரா பௌர்ணமி'. பௌர்ணமி அந்த நட்சத்திரத்தை ஒட்டித்தான் வரும் என்பது உண்மை. சில ஆண்டு அதே நாளில் வரும். சில ஆண்டு மறுநாள் வரும். இது எனக்குத் தெரியாதது என்று சொல்ல முடியாது. தெரிந்தும் எண்ணிப் பாராதது. விழாவன்று நான் விளக்கைப் பார்த்து நிற்பவன்; வானத்தைத் திரும்பிப் பார்த்ததில்லை.

திருமணமான முதல் ஆண்டு, விழா நெருங்கிய ஒரு நாள், என் மனைவி நாகர்கோவில் கல்லூரியில் தன்னோடு படித்த தோழி சொன்னதாக ஒன்றைச் சொன்னாள்.

"கேட்டியளா, சித்ரா பௌர்ணமி அண்ணைக்குக் கன்யாகுமரியில நிண்ணா ஒரு பக்கம் சூரியன் எறங்குமாம், மறுபக்கம் நிலா ஏறுமாம். கழுத்தத் திருப்பினாப் போதுமாம். எனக்கு ஒரு தடவ பாக்கணும்."

"அண்ணைக்கல்லோ எனக்குக் கோவில்ல பாட்டு? வேறொரு நாளு போவோம்."

"வேறொரு நாளு போனா ரெண்டும் ஒண்ணா நிக்காதே."

 அடுத்த ஆண்டும் கேட்டாள். அதே 'வேறொரு நாளை'ச் சொன்னேன். மூன்றாம் ஆண்டு மகன் வயிற்றில் இருந்தான். அதன் பிறகு அவள் கேட்கவில்லை. அவள் முதன்முதல் கேட்டு நாற்பத்தாறு ஆண்டுகள் ஓடிவிட்டன. இடையில் உறவினர்களை அழைத்துக்கொண்டு எத்தனையோ முறை கன்னியாகுமரிக்குச் சென்றிருக்கிறோம். படகில் பாறைக்குப் போயிருக்கிறோம். சங்கு மாலை வாங்கியிருக்கிறோம். அந்த ஒரு மாலைப்பொழுது மட்டும் வாய்க்கவில்லை. அது வாய்க்காமல் போனது என்னால் என்பது எனக்குள் ஒரு முள்ளாகக் கிடந்தது. வயது கூடக் கூட அது கொஞ்சம் கொஞ்சமாக மேலே வந்தது.

இந்த ஆண்டு என் குரலில் இறக்கம் தெரிந்தது. மேல் ஸ்தாயியில் ஏறும்போது பாதியில் நின்றுவிடுகிறது. பள்ளியில் சங்கீதம் கற்பிக்கும் ஒரு பெண்மணியிடம், "இவ்வருடம் அந்திப் பாட்டு உங்களுடையது" என்று சொல்லி ஒப்படைத்தேன். அதே வாரம் ஷார்ஜாவிலிருந்து மகனும் மருமகளும் பத்து நாள் விடுப்பில் வந்தார்கள். நோட்டீசை எடுத்துப் பார்த்தேன். சித்திரை, வியாழக்கிழமை. மகனுக்கு வெள்ளிக்கிழமை மாலை விமானம். எல்லாம் அம்மையே அடுக்கிக் கொடுத்தது போல் இருந்தது. மதியச் சாப்பாட்டின்போது அறிவித்தேன்.

"வாற வியாழாழ்ச்ச நாம எல்லாரும் கன்யாகுமரிக்குப் போறோம். சித்ரா பௌர்ணமியாக்கும்."

"அப்பாவுக்குப் பாட்டு இல்லியா?" என்றான் மகன்.

"இந்த வருஷம் இல்ல."

மகன் தன் தாயைப் பார்த்தான். அவள் எனக்கு மோர் ஊற்றிக்கொண்டிருந்தாள். கையை நிறுத்தாமல் அடுக்களைப் பக்கமாக ஒரு முறை தலையைத் திருப்பினாள். பிறகு, "செரி" என்றாள்.

அவ்வளவுதான். நாற்பத்தாறு ஆண்டு ஆசைக்கு இன்னும் கொஞ்சம் முகமலர்ச்சியை எதிர்பார்த்த எனக்கு அது சற்றே ஏமாற்றமாக இருந்தது.

வியாழன் காலை, பாறசாலையில் பாசஞ்சர் வண்டி ஏறினோம். கல்யாணங்களுக்கு மட்டும் வெளியே எடுக்கும் அரக்கு நிறப் பட்டை அவள் உடுத்தியிருந்தாள். இட்லி, தொட்டுக்கொள்ளத் தேங்காய்ச் சம்மந்தி, கொறிக்க நேந்திரங்காய் உப்பேரி, பிளாஸ்கில் பாலில்லாத கட்டன் சாயா என்று ஒரு பை நிறைய இருந்தது. "மாமி, கன்யாகுமரியில ஹோட்டல் இல்லியா?" என்று மருமகள் சிரித்தாள். திருவனந்தபுரத்தில் வளர்ந்த பெண். பாதிச் சொல் தமிழிலும் பாதிச் சொல் மலையாளத்திலுமாகப் பேசுவாள். "ஹோட்டல் அங்ஙன கெடக்கட்டும் மக்களே, வண்டியில பசிச்சா ஹோட்டல் எறங்கி வருமா?" என்றாள் என் மனைவி.

குழித்துறையில் என் பழைய நண்பர் ஒருவர் ஏறினார். எல்லைச் சந்தையருகே அச்சகம் நடத்தி, இப்போது அதை மகனிடம் விட்டுவிட்டவர். கிறிஸ்தவர், பழைய மிஷன் சபையில் மூப்பர். இரணியலில் மகள் வீட்டுக்குப் போகிறார். எங்கள் நால்வரையும், என் மனைவியின் பட்டையும் பார்த்துவிட்டு, "சாரே, குடும்பத்தோட எந்த ஊருல கல்யாணம்?" என்றார்.

"கல்யாணமில்ல. கன்யாகுமரிக்கு. இண்ணைக்குப் பௌர்ணமியல்லோ."

 "சாரே, வாசப்பக்கம் நல்ல காத்து. கொஞ்சம் வாங்க" என்று அவர் எழுந்தார். இருவரும் கதவருகே போய் நின்றோம். கீழே வாழைத் தோட்டங்கள் ஓடிக்கொண்டிருந்தன.

"கேலியாக்குததா நெனைக்கப்பிடாது. வெளுத்த வாவு நாளைக்காக்கும். இண்ணைக்குச் சதுர்த்தசி."

வெளுத்த வாவு என்று எங்கள் ஊரில் பௌர்ணமியைச் சொல்வோம். 

"இண்ணைக்குச் சித்திரை நட்சத்திரம்தானே?"

"நட்சத்திரம் செரி. வாவு நாளைக்கு. தமிழ்க் காலண்டரும் மலையாளக் காலண்டரும் எங்க பிரஸ்ஸில அடிச்சதுதான். ரெண்டுக்கும் புரூப் பாத்தது நானாக்கும். சபைக்காரன் திதி பாத்து அடிக்கான், சிவன்கோவில் பாட்டுக்காரரு திதி தெரியாம வண்டி ஏறுதாரு." அவர் குலுங்கிச் சிரித்தார். "கோர்ட்டுல ஊருக்கெல்லாம் நாள் குறிச்சுக் குடுத்த ஆளல்லோ நீரு."

பிறகு என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினார். தோளைத் தொட்டு, "செரி விடும். கடலு எண்ணைக்கும் கடலுதானே" என்றார். இரணியலில் இறங்கி, வண்டி நகரும்வரை நடைமேடையிலேயே நின்றார்.

நான் இருக்கைக்குத் திரும்பினேன். நாளை பௌர்ணமி. நாளை மாலை மகனுக்கு விமானம். திரும்பிப் போய் நாளை வருவோம் என்று சொல்ல வழியில்லை. அடுத்த ஆண்டு என்று சொல்வதற்கோ வாய் வரவில்லை. அந்தச் சொல்லை நான் ஏற்கெனவே தேவைக்கு மேல் செலவழித்துவிட்டேன்.

"அவரு என்ன சொன்னாரு?" என்று மனைவி கேட்டாள்.

"ஒண்ணுமில்ல. அவருக்க மகளுக்குச் சுகமில்லியாம்."

"ஐயோ பாவம். போன ஞாயிறு சந்தையில கண்டேனே, நல்லாத்தானே நிண்ணா?"

"திடீர்னு வந்ததாம்."

"செரி" என்றாள் அவள். ஒரு உப்பேரியை எடுத்து என் கையில் வைத்தாள். பொய்க்குக் கூலி போல அது என் உள்ளங்கையில் வெகு நேரம் கிடந்தது. மெய்யே உருவானவன் என்று இறைவனைப் பாடிப் பாடிப் பழகிய நாவு, இரணியலுக்கும் நாகர்கோவிலுக்கும் இடையில், ஒரு நல்ல பெண்ணை நோயாளியாக்கிவிட்டது.

கன்னியாகுமரியில் இறங்கியபோது வெயில் உச்சிக்கு வந்திருந்தது. மகன் படகில் பாறைக்குப் போகலாம் என்றான். வரிசை பாதி தெரு வரை நின்றது. "நீங்க ரெண்டுபேரும் போயிட்டு வாங்க மக்களே. எனக்கு வானத்தப் பாத்தாப் போதும்" என்றாள் அவன் தாய். அச்சொல் என்னைச் சுட்டது. பிள்ளைகள் போனார்கள். நாங்கள் இருவரும் ஒரு மண்டபத்து நிழலில் அமர்ந்து இட்லியைச் சாப்பிட்டோம். வெளியூர்க்காரர்கள் குடும்பம் குடும்பமாகத் தொப்பி வாங்கினார்கள். குழந்தைகள் அலை கண்டு ஓடி ஓடித் திரும்பினார்கள். அவள் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஒரு முறையும் நாளைப் பற்றிப் பேசவில்லை. அது எனக்கு வசதியாகவும் இருந்தது, வேதனையாகவும் இருந்தது.

நடை திறந்ததும், பிள்ளைகளும் வந்து சேர, அம்மையைக் காணச் சென்றோம். சட்டையைக் கழற்றித் தோளில் இட்டுக்கொண்டு நானும் மகனும் ஆண்கள் வரிசையில் நின்றோம். உள்ளே இருளும் எண்ணெய் மணமும். விளக்கொளியில் மூக்குத்தி மின்னியது. வழக்கமாக அங்கே நின்றால் என் நாவில் தானாகப் பாட்டு எழும். அன்று எழவில்லை. கைகூப்பி மட்டும் நின்றேன். அம்மையிடம் நான் கேட்டது ஒன்றுதான்: சொல்லத் துணிவு தா.

அந்தக் கோவிலின் கதையை எங்கள் பக்கத்தில் அறியாதவர் இல்லை. அம்மையை மணம் கொள்ளச் சுசீந்திரத்துப் பெருமான் இரவோடு இரவாகப் புறப்பட்டார். விடியுமுன் முகூர்த்தம். இந்த மணம் நடக்கலாகாது என்று கருதிய தேவமுனிவர் சேவலாகிப் பாதி வழியில் கூவினார். பொழுது விடிந்து முகூர்த்தம் தவறிவிட்டது என்று எண்ணிய மாப்பிள்ளை வழுக்கம்பாறையில் நின்று திரும்பிப் போனார். உண்மையில் பொழுது விடிந்திருக்கவில்லை. இங்கே அம்மை மாலையோடு காத்திருந்தாள். விருந்துக்கு வைத்திருந்த அரிசியும் பருப்பும் வேகாமலே மணலாயின. முனையில் இன்றும் அரிசியும் நொய்யும் போன்ற மணல் கிடக்கிறது. பார்த்தவர்கள் மறுக்க மாட்டார்கள். எத்தனையோ முறை கேட்ட கதை. ஆனால் அது பொழுதைத் தப்பாகக் கணித்த ஒருவனுடைய கதை என்பது அன்றுதான் என் மேல் இறங்கியது.

கோவிலிலிருந்து கடற்கரைக்கு வந்தோம். கூட்டம் இருந்தது, ஆனால் நெரிசல் இல்லை. மேற்குப் பக்கம் பார்க்கிற ஒரு பாறைச் சரிவில் மருமகள் துண்டை விரித்தாள். மகன் சாயா வாங்கப் போனான். சூரியன் இன்னும் நன்றாக மேலே நின்றது. மனைவி மணலை அள்ளி உள்ளங்கையில் பரப்பினாள்.

"பாத்தியளா, பச்சரிசி மாதிரியே இருக்கு. கல்லு பொறக்கினா ஒலையில போட்டிரலாம்."

இதற்கு மேல் தள்ளிப்போட முடியாது என்று தோன்றியது.

"ஒரு காரியம் சொல்லணும்" என்றேன்.

"பிரஸ்காரருக்க மகளுக்குச் சுகமில்லாத காரியமா?" என்றாள், மணலைவிட்டுக் கண்ணை எடுக்காமல்.

"இண்ணைக்குப் பௌர்ணமி இல்ல. நாளைக்காக்கும். நட்சத்திரத்தப் பாத்து நாள் வெச்சிட்டேன். எனக்குத் தப்பிப்போச்சு."

"எனக்குத் தெரியும்."

"எப்பம் தெரியும்?"

"நீங்க சொன்ன அண்ணைக்கே. அடுக்களைக் காலண்டர்ல வாவுக்குள்ள வெள்ள வட்டம் வெள்ளியாழ்ச்சயிலயல்லோ கெடக்கு. மோரு விட்டிட்டிருக்கும்பளே பாத்தேன்."

"பின்ன ஏன் சொல்லல்ல?"

"சொன்னா என்ன செய்திருப்பிய? வெள்ளிக்கு மகனுக்கு பிளைட்டு. அப்பம் வேண்டாம், வாற வருஷம் பாப்போம்ணு வெச்சிருப்பிய." அவள் கையைச் சரித்தாள், மணல் மெல்ல இறங்கியது. "பின்ன ஒரு காரியம் கேக்கட்டா? இந்த நாப்பத்தாறு வருஷத்துல எத்தன வருஷம் வாவு மறுநாளாக்கும் வந்துது? எண்ணிப் பாத்திருக்கியளா? நான் எண்ணியிருக்கேன். ஒங்க பாட்டு முந்தின நாளே முடிஞ்சிரும். மறுநாள் சாயங்காலம் நீங்க வராந்தாவுல சும்மா இருந்து பேப்பர் வாசிப்பிய. நான் நிலாவப் பாத்துட்டு உள்ள வருவேன்."

 ஒரு நாள் பிசகு என்று எண்ணி வந்தவனுக்கு முன் எத்தனையோ ஆண்டுகளின் மறுநாட்கள் வரிசையாக வந்து நின்றன. கோவில் கடமை என்று நான் சொன்னதெல்லாம் பாதிக்குப் பாதி வெறும் சாக்கு. அதுவும் நான் அறியாமலே சொன்ன சாக்கு.

"ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் கூட்டிட்டு வந்திருப்பேனே" என்றேன் கடைசியில்.

"சொன்னா வந்திருப்பிய. அது எனக்குத் தெரியாதா? கேக்காம ஒரு தடவ நீங்களாட்டு கூட்டிட்டு வரணும்ணு எனக்கு ஒரு இது. இண்ணைக்கு வந்திட்டியல்லா. நாளு தப்பினா தப்பட்டு." பிறகு அவள் முகத்தில் ஒரு குறும்பு வந்தது. கோவில் பக்கம் தாடையைத் திருப்பிக் காட்டினாள். "அம்மைக்கும் நேரம் தப்பின மாப்பிள்ளைதான். அவரு பாதி வழியில திரும்பிட்டாரு. நீங்க கடலு வர வந்து சேந்திட்டிய. அந்த வகையில நான் கொடுத்து வெச்சவ."

பின்னால் நின்று கேட்டுவிட்ட மகன், கையில் நான்கு சாயாக் கோப்பைகளோடு சிரித்த சிரிப்பில் ஒன்று சரிந்தது. "அப்பாவுக்கு நாள் தப்பின கேஸ். தீர்ப்பு அம்மா சொல்லியாச்சு. அப்பீல் உண்டா அப்பா?"

"அப்பீல் இல்ல" என்றேன். அவன் கையில் சரிந்த கோப்பையை வாங்கிக்கொண்டேன்.

அந்த வேளையில்தான் மருமகள், "மாமி, அங்ஙோட்டு ஒண்ணு நோக்கியே" என்று கிழக்கே கையை நீட்டினாள்.

எல்லோரும் மேற்கையே பார்த்துக்கொண்டிருந்த நேரம் அது. கிழக்கே, கடலுக்கு மேல் இரண்டு முழ உயரத்தில், நிலா ஏற்கெனவே வந்து நின்றுகொண்டிருந்தது. ஒளியில்லை, உரித்து வைத்த நுங்கு போல வெளிர் நீலத்தில் ஒட்டியிருந்தது. ஓரத்தில் நகத்தால் கிள்ளியது போல் ஒரு சிறு குறை. அது எழுந்ததை யாருமே பார்க்கவில்லை. மேற்கே சூரியன் இன்னும் கண் கூசும்படி நின்றது. மனைவி எழுந்து நின்றாள். கழுத்தைத் திருப்பி இதைப் பார்த்தாள். மறுபடி திருப்பி அதைப் பார்த்தாள். பிறகு அவளுக்குக் கழுத்து போதவில்லை. உடலையே திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

உப்பும் மிளகாயும் தடவிய மாங்காய்க் கீற்றோடு வந்த ஒரு பெண்மணி எங்களைப் பார்த்து நின்றார். "நாளைக்குத்தான் எல்லாரும் வருவாங்க. இன்னிக்குப் பாக்கிறவங்க நீங்கதான்" என்றார்.

"நாளைக்குத்தானே விசேஷம்?" என்றேன்.

"விசேஷந்தான். நிக்க எடம் இருக்காது. நிலா கீழ மூட்டத்துக்குள்ள எந்திரிக்கும். அது தெரியறதுக்குள்ள சூரியன் போயிரும். முன்னால நிக்கிறவன் தலையப் பாத்துட்டு, ரெண்டையும் கண்டேன்னு ஊர்ல போய்ச் சொல்வாங்க. மாங்கா எடுக்கட்டா?"

நான்கு கீற்று வாங்கினோம். சூரியன் மெல்லச் சிவந்து இறங்கியது. முழுவதும் கடலில் முழுகியது என்று நான் எழுத மாட்டேன்; மேற்கே கரை வளைந்து ஓடும் இடத்தில், தென்னை வரிசைக்கும் நீருக்கும் நடுவே, அது இறங்கியது. அது சிவக்கச் சிவக்க நிலா வெளுத்தது. ஒரு பக்கத்து நீர் செம்பாகவும் மறு பக்கத்து நீர் ஈயமாகவும் இருந்தது. நடுவில் அவள், அரக்குப் பட்டில், கையில் பாதி கடித்த மாங்காயோடு.

அதே நேரம் எங்கள் ஊரில் தீபாராதனை. பதினெட்டு வயது முதல் நான் விளக்குக்கு முன் நின்ற நேரம். நாவு தானாக அசைந்தது. கோவிலில் எழாத பாட்டு கடலோரம் எழுந்தது. மேல் ஸ்தாயிக்குப் போகாமல், கீழேயே, எனக்கும் அவளுக்கும் மட்டும் கேட்கும்படி பாடினேன்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா பைய பாடுங்க, ஆளுக பாக்குதாங்க" என்றாள்.

பாடி முடித்தபோது சூரியன் போய்விட்டிருந்தது. திரும்பும் வண்டியில் ஜன்னலுக்கு வெளியே நிலா எங்கள் கூடவே வந்தது. பாதி வழியில் அவள் சொன்னாள்: "காலேஜ் கூட்டுக்காரி சொன்னது இது இல்ல, கேட்டியளா. சூரியன் கீழ தொடும்ப நிலா எந்திரிக்கணும். அது நாளைக்கு உள்ளது." குறையாகச் சொல்லவில்லை, வழக்கில் ஒரு விவரத்தைச் சரியாகப் பதிவு செய்வது போலச் சொன்னாள்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. பிற்பகலில் மகனையும் மருமகளையும் விமான நிலையத்தில் விட்டுவிட்டு வாடகைக் காரில் திரும்பினோம். அவள் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே பார்த்தபடி இருந்தாள். பாலராமபுரம் வந்ததும் நான் ஓட்டுநரிடம், "பூவாறுக்குத் திருப்புங்க" என்றேன்.

"பூவாறுல என்ன?" என்றாள்.

"இண்ணைக்கல்லோ வெளுத்த வாவு?"

 அவள் கைக்குட்டையை மடித்துப் பையில் வைத்தாள்.

பூவாறில் நெய்யாறு கடலைத் தொடுமுன் ஒரு மணல் திட்டு குறுக்கே கிடக்கும், பொழி என்போம். அதன் மேல் நின்றால் மேற்கே கடல். கிழக்கே ஆறும் தென்னங்காடும். சுற்றுலாப் படகுகள் ஆற்றில் திரும்பிக்கொண்டிருந்தன. சூரியன் எவ்விதத் தடையும் இன்றிக் கடலில் இறங்கியது. நாங்கள் கிழக்கே திரும்பி நின்றோம். நிலா இல்லை. தென்னைகளுக்குப் பின்னே மேகம் கட்டியிருந்தது. காத்திருந்தோம். மேற்கில் சிவப்பு முழுதும் அணைந்து வெகு நேரம் சென்ற பின்னரே, ஒரு தென்னையின் தலைக்குப் பின்னிருந்து அது வெளியே வந்தது. கிள்ளிய குறை ஏதும் இல்லாத முழு நிலா.

"பிந்திப் போச்சு" என்றேன்.

"நேத்தைக்குள்ளதுதான் நல்லது" என்றாள் அவள். "ரெண்டும் அவசரமில்லாம நிண்ணுது. இது வந்தும் வராமலும்." பிறகு என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள், மணலில் அவளுக்கு நடை தள்ளாடும். "ரெண்டு நாளும் கேக்காம கூட்டிட்டு வந்திட்டிய. வாற வருஷத்துக்கு நாள் நான் பாத்துச் சொல்லுதேன்."

"சொல்லு. நான் இனி நாள் குறிக்குததா இல்ல."

"கோவில் பாட்டு?"

"நட்சத்திரத்துக்கு முந்தின நாளு பாட்டு. வாவுக்கு மறுநாள் கடலு. ரெண்டும் ஒரே நாளு வந்தா, பாட்டு டீச்சருக்கு."

அவள் சிரித்தாள். "நட்சத்திரத்துக்கு முந்தின நாளு இல்ல, நட்சத்திரத்து அண்ணைக்குத்தான் பாட்டு. வாவுக்கு மறுநாளு இல்ல, வாவுக்கு அண்ணைக்குத்தான் கடலு. பாத்தியளா? இதுக்குத்தான் நாள் நான் சொல்லுதேன்ணு சொன்னேன்."

அந்த வாரமே அச்சகக்காரர் வீட்டுக்குப் போய், அவருடைய மகளின் உடல்நலத்தை விசாரித்தேன். இல்லாத நோய்க்கு நான் கொண்டுபோன ஆரஞ்சுப் பழங்களை அவர் ஏன் என்று கேட்காமல் வாங்கிக்கொண்டார். கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

இதைப் படிக்கும் அன்பர்களே, உங்கள் இல்லங்களில் விளக்கு நிலைக்கட்டும். நீங்கள் குறிக்கும் நாட்கள் உங்களுக்கு வாய்க்கட்டும். வாய்க்காத நாட்களை அம்மை தன் கையால் திருத்தித் தரட்டும். வாய்விட்டுக் கேட்காமல் உங்கள் அருகில் காத்திருப்பவர் யார் என்பது உங்களுக்குக் காலத்தோடு தெரியட்டும். கண்ணுள்ள வரையில் சூரியனும் சந்திரனும் உங்கள் இரு பக்கமும் நிற்க, நடுவில் நீங்கள் மனநிறைவோடு வாழ்வீர்களாக.